கூவிளம்

லியெபாயாவில் நவம்பர்க் காற்றுக்கு
வாசல் வழியாக வரும் வழக்கமில்லை.
சன்னல் சட்டத்தின் கீறலில் நுழைந்து
மூன்றாம் மாடிச் சமையலறையில்
தொங்கும் கரண்டிகளை ஒன்றோடொன்று உரசவிட்டுப்
போகும்.

இரவு ஒன்பதேகால்.
விஸ்மா பொத்தானை அழுத்துகிறாள்.
விசிறி சுற்றுகிறது, பச்சை விளக்கும் எரிகிறது.
திரை மட்டும்
அடுப்புக்கரி.
கொஞ்சம் பொறுத்துப் பெட்டிக்குள்ளிருந்து
பீ...ப். பிப் பிப்.

"செத்துவிட்டது" என்கிறான் இல்க்வார்ஸ்.
"செத்தது கூவுமா?"

அவள் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவள்.
கம்பி அறுந்ததா, மரம் ஈரம் குடித்ததா என்பதை
மூடியைத் திறக்குமுன்பே சொல்லிவிடுவாள்.
மறுபடி அழுத்துகிறாள், கண்ணை மூடிக்கொண்டு.

ஒரு நெடில். இரண்டு குறில்.
என் கணக்கில் அது நேர் நிரை,
கூவிளம்.
அவளுக்கு அசை பிரிக்கத் தெரியாது,
எனக்குப் பெட்டி பிரிக்கத் தெரியாது.
ஆளுக்கொரு காது.

பிஸ்கட் டப்பாவின் அடியில்
உத்தரவாதம் தீர்ந்துபோன சீட்டுகளுக்குக் கீழே
கையேடு கிடந்தது. நாற்பத்தோராம் பக்கம்:
நெடியது ஒன்று குறியது இரண்டு எனில்
கிராபிக்ஸ் கார்டைப் பார்க்கவும்.

மின்கம்பியைப் பிடுங்கியாயிற்று.
நான்கு திருகாணிகள் தேநீர்த் தட்டில்.
பக்கத் தகட்டைக் கழற்றினால்
உள்ளே ஒரு பூனைக்குட்டி அளவு தூசி.
துறைமுகத்தில் முப்பது டன் தூக்குகிறவன்
இங்கே டார்ச் பிடிக்கிறான்.

கார்டின் ஒரு முனை
நகத்தின் கனத்துக்கு மேலெழும்பி நிற்கிறது.

"இது தானாக எழும்பாது."

வெளிச்சம் ஒரு விரற்கடை நகர்ந்து
பழைய இடத்துக்கு வந்தது.
சனிக்கிழமை மேசைக்கடியில் பெருக்கியபோது
துடைப்பக்கட்டை எதிலோ
டொக்கென்று இடித்ததை
அவன் யாரிடமும் சொல்லவில்லை.
கால் சுருதிப் பிசகு கேட்கிற காதுக்குப்
புருஷன் எச்சில் விழுங்குவது கேட்காதா?
அவள் நிமிரவில்லை.

கார்டை உருவி
அதன் பொன்பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தாள்,
பியானோச் சுத்தியல்களுக்கான தூரிகையால்
தூசியை வழித்தெடுத்தாள்,
திரும்ப வைத்து இரு கட்டைவிரலாலும் அமுக்க
டக்.

பொத்தான்.
விசிறி.
பிப்.

ஒற்றைக் குறில்.
கையேட்டின் மொழியில் அதற்கு
நலம் என்று பொருள்.

திரையில் வெள்ளை எழுத்து:
விசைப்பலகையைக் காணவில்லை.
தொடர, விசைப்பலகையில் எஃப் ஒன்றை அழுத்தவும்.
சிரிப்பை முதலில் விட்டது அவன்தான்,
டார்ச் குலுங்கக் குலுங்க.
பெட்டியை இழுத்தபோது பிடுங்கிக்கொண்ட வாலை
நாற்காலிக் காலடியில் தேடிச் செருகினார்கள்.

மணிபோலிருக்கும் சின்னப் பேட்டரி
எப்போதோ தீர்ந்திருக்கிறது.
கணினியைக் கேட்டால்
இன்று 2002, ஜனவரி ஒன்று, நள்ளிரவு.
அன்று அவளுக்கு இவனைத் தெரியாது.
இவன் வென்ட்ஸ்பில்ஸில் வேறொருத்தி தோளில் கைபோட்டு
வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்படியே விட்டுவிடலாமா?"
"நாளைக்குக் காலை எட்டுக்கு
இசைப்பள்ளியில் மூன்று பியானோ" என்று
தேதியை அடித்தாள்.

பிறகு அந்தப் பட்டியலைத் திறந்தாள்.
அறுநூற்றுப் பதினான்கு வரிகள்,
வீட்டுக்கொரு நோய்:
தபால்காரர் வீடு, இடது மிதி முனகுகிறது.
அனாதை இல்லம், மேல் ஸ்வரத்தில் அந்துப்பூச்சி.
பாதிரியார், தானே சரிசெய்யப் பார்த்திருக்கிறார்.

கடைசிக்குப் போய்ப் புதிதாய் ஒரு வரி:

சொந்த வீடு. கறுப்புப் பெட்டி.
ஒரு நீளம், இரண்டு குட்டை.
காரணம்: துடைப்பம்.

அவன் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தான்.
டார்ச்சை அணைக்க மறந்து
தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனான்.
காற்று கரண்டிகளைத் தொட்டது.
"அந்தப் பெரிய கரண்டி" என்றாள் திரும்பாமலே,
"கொஞ்சம் இறங்கியிருக்கிறது."